முறுக்கா, அதிரசமா: ஒரு கணக்கு பிறந்த கதை

1938இல் லெனின்கிராட் ஒட்டுப்பலகை ஆலைக்காரர்கள் ஒரு சிக்கலோடு பல்கலைக்கழகத்துக்கு வந்தார்கள். எட்டு இயந்திரம், ஐந்து வகை மரம். ஒவ்வோர் இயந்திரமும் ஒவ்வொரு மரத்தை ஒவ்வொரு வேகத்தில் சீவும். எதில் எதை எவ்வளவு நேரம் ஓட்டுவது? இளம் பேராசிரியர் லியோனிட் கான்டரோவிச் அதற்கு வழி கண்டு, மறு ஆண்டே சிறு நூலாக எழுதினார். லீனியர் புரோகிராமிங் என்ற கணக்கு பிறந்தது அப்படித்தான்.

அந்தக் கணக்கு புரிய, பினாங்கு லிட்டல் இந்தியாவில் தீபாவளிப் பலகாரக் கடை ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். மாவு 40 கிலோ; அடுப்பு 30 மணி நேரம்தான். முறுக்கோ அதிரசமோ, பெட்டிக்கு ஒரு கிலோ மாவு. முறுக்குக்கு அரை மணி, லாபம் 6 வெள்ளி. அதிரசம் ஒரு மணி நேரம் இழுக்கும், லாபம் 8 வெள்ளி. முறுக்கே சுட்டால் 40 பெட்டியில் மாவு தீரும்: 240 வெள்ளி. அதிரசமே சுட்டால் 30 பெட்டியில் நேரம் தீரும்: அதுவும் 240. இரண்டிலும் இருபது இருபது சுட்டால் மாவும் மிஞ்சாது, நேரமும் மிஞ்சாது, கையில் 280.

கணக்கு அதோடு நிற்காது. அடுப்பு இன்னும் ஒரு மணி நேரம் கிடைத்தால் லாபம் 4 வெள்ளி கூடும் என்றும் சொல்லிவிடும். மணிக்கு 3 வெள்ளி வாடகை என்றால் எடுக்கலாம், 5 கேட்டால் வேண்டாம். என்னைக் கேட்டால், பற்றாக்குறைக்கு இப்படி விலை போடுவதில்தான் கணக்கின் உயிரே இருக்கிறது. ஆனால் உழைப்புதான் மதிப்பு என்ற சோவியத்தில் அது வில்லங்கம். அதனால், போர்க்காலத்தில் கான்டரோவிச் எழுதிய பொருளாதார நூல் 1959இல்தான் அச்சேறியது.

இதெல்லாம் தெரியாமலே, அமெரிக்க விமானப்படைக்குத் திட்டக் கணக்குப் பார்த்த ஜார்ஜ் டான்ட்சிக் 1947இல் சிம்ப்ளெக்ஸ் முறையைக் கண்டார். எல்லாக் கலவைகளையும் பார்க்க வேண்டாம். வரம்புக் கோடுகள் சந்திக்கும் மூலைகளில், லாபம் கூடும் பக்கமாகவே நகர்ந்தால் போதும். சோதனைக்கு எடுத்தது மலிவான சத்துணவுக் கணக்கு: 77 பண்டம், 9 சத்து. ஒன்பது குமாஸ்தாக்கள் மேசைக் கணக்குப்பொறியோடு உட்கார்ந்து, மொத்தம் 120 ஆள்-நாள் உழைத்தார்கள். விடை, ஆண்டுக்கு 39.69 டாலர். ஜார்ஜ் ஸ்டிக்லர் என்ற பொருளாதார அறிஞர் குத்துமதிப்பாகவே முன்பு 39.93 என்று சொல்லியிருந்தார். அத்தனை பாடும் 24 சென்ட் மிச்சத்துக்கு!

கணினி வந்த பிறகுதான் இந்தக் கணக்கு வேகம் பிடித்தது. 1972இல் கணினிச் சில்லு நிறுவனமான இன்டெல் அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் ஆலையைத் திறந்தது நம் பினாங்கின் பாயான் லெப்பாஸில். இன்றைய சாதாரண மடிக்கணினிச் சில்லுக்கு அந்த 77 பண்டமும் ஒரு விநாடி வேலை.

1975இல் பொருளியல் நோபல் கான்டரோவிச்சுக்கும், போர்க்காலக் கப்பல் போக்குவரத்தில் இதே வகைக் கணக்கைப் போட்ட கூப்மன்ஸுக்கும் போனது. டான்ட்சிக்குக் கிடைக்கவில்லை.