கோப்பி இலை சொன்ன விடை

ஹாலிஎலையிலிருந்து பதுளை செல்லும் வழியெங்கும் தேயிலை. நேயர்களே, ஒருகாலத்தில் இந்த ஊவா மலைகளில் கோப்பியே செழித்தது.

1869இல் இலங்கைக் கோப்பி இலைகளில் செம்மஞ்சள் புள்ளிகள் கண்டன. மழை, மண் என ஆளுக்கொரு காரணம் கூறினர். 1880இல் வந்த மார்ஷல் வார்ட் என்ற இளம் விஞ்ஞானி வாதிடவில்லை, பரிசோதித்தார். நல்ல இலையில் பங்கசு வித்திகளை இட்டார். அதே புள்ளிகள் தோன்றின. காற்றில் கண்ணாடித் தகடுகளை வைத்தார், வித்திகள் அகப்பட்டன. இடைவெளியின்றி ஒரே பயிர் நிற்பதே நோய் பரவ வழிவிட்டதென்றார்.

துரைமார் மருந்தை எதிர்பார்த்தனர். பரிசோதனை உண்மையைத்தான் தந்தது. கோப்பி அழிந்தது.

“அப்படியானால் அது தோல்விதானே, சேர்?” என்று என் மாணவன் கேட்டான். வெளியே காட்டினேன். கோப்பி போன மலைகளில் மறுபடியும் ஒரே பயிர். இயற்கை விடை சொல்லிவிட்டது, கேட்காதவர் நாமே.