71,000 கிலோமீற்றர்: யாழ்ப்பாணத்தில் விற்பனைக்கு நிற்கும் ஒரு பழைய பென்ஸ்

"1981 பென்ஸ் 240டி. 71,000 கிலோமீற்றர் மட்டுமே ஓடியது. முழுமையாகத் திருத்தப்பட்டது."

இப்படியொரு விற்பனை விளம்பரத்தை நண்பர் ஒருவர் எனக்கு அனுப்பியிருந்தார். வெளிநாட்டிலிருக்கும் அவரது மைத்துனர் இந்தக் காரை வாங்க விரும்புகிறார். பணம் அனுப்புவதற்கு முன்னர் யாராவது நேரில் போய்ப் பார்க்கவேண்டும். நாற்பது வருடங்களைத் தாண்டிய கார் ஒன்று வருடத்துக்குச் சராசரியாக இரண்டாயிரம் கிலோமீற்றர்கூட ஓடவில்லை என்றால், ஒன்றில் மீற்றர் பொய் சொல்கிறது, இல்லையேல் அந்தக் காருக்கு ஒரு கதை இருக்கிறது. வலிகாமத்திலுள்ள அந்த வீட்டுக்கு நண்பரின் மெக்கானிக்குடன் நானும் போனேன்.

உரிமையாளர் ஓய்வுபெற்ற ஆசிரியர். காரை வாங்கியவர் அவரது தகப்பனார். நாங்கள் பொனற்றைத் திறக்க முன்னரே அவர் சொன்னார்: "தம்பி, பொத்திப் பொத்தி வைச்ச கார் எண்டு நினைக்காதேங்கோ. டீசல் இல்லாமல் நிண்ட கார் இது."

என்ன கார் இது?

மெர்சிடிஸ் பென்ஸ் நிறுவனம் டபிள்யூ 123 என்ற உள்ளகக் குறியீட்டுடன் இந்த வகையை 1976 ஜனவரியில் அறிமுகம் செய்தது. நான்கு கதவு செடான் 1985 வரை தயாரிக்கப்பட்டது. எல்லா வடிவங்களும் சேர்ந்து ஏறத்தாழ 27 இலட்சம் கார்கள் வெளிவந்தன. ஜேர்மனியில் வாடகைக் கார் என்றால் நீண்டகாலம் இதுவாகத்தான் இருந்தது.

240டி என்பது 2.4 லீற்றர், நான்கு சிலிண்டர் டீசல் எஞ்சின் பூட்டியது. 1978க்குப் பின்னர் வந்தவற்றின் வலு 72 குதிரைவலு மட்டுமே. வேகத்துக்காக யாரும் இதை வாங்கவில்லை, உழைப்புக்காக வாங்கினார்கள். கிரேக்க வாடகைக் கார் சாரதி ஒருவர் இதற்கு முந்திய வகை 240டி ஒன்றை, எஞ்சின்களை மாற்றி மாற்றிப் பூட்டி, 46 இலட்சம் கிலோமீற்றர் ஓட்டினார். 2004இல் அவர் நிறுவனத்திடம் கையளித்த அந்தக் கார் இன்று ஸ்ருட்காட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

ஆகவே இந்த எஞ்சினுக்கு 71,000 என்பது ஒன்றுமேயில்லை. அது ஓடியதால் வந்த தேய்வைவிட, ஓடாமல் நின்றதால் வந்த பழுதைத்தான் தேடவேண்டும்.

ஏன் ஓடவில்லை?

1977இல் திறந்த பொருளாதாரக் கொள்கை வந்து இறக்குமதி தளர்ந்த பின்னர், கொழும்பில் வாங்கி யாழ்ப்பாணம் கொண்டுவரப்பட்ட கார் இது. 1990 ஜூன் வரை 68,000 கிலோமீற்றர் ஓடியிருக்கிறது. பிறகு போர் மீண்டும் தொடங்கியது, பொருளாதாரத் தடை வந்தது. பெற்றோல், டீசல், பற்றரி, வாகன உதிரிப்பாகம் எல்லாம் அந்தத் தடைக்குள் அடங்கின.

அந்தக் காலத்தில் யாழ்ப்பாணத்து வீதிகளை ஒஸ்ரின் கேம்பிறிஜ், மொறிஸ் மைனர் போன்ற ஆங்கிலேயக் கார்களே தாங்கின. சில துளி பெற்றோல் விட்டு ஸ்ராட் செய்து, பிறகு மண்ணெண்ணெயில் ஓடுவார்கள். டீசல் வாகனங்களையும் மண்ணெண்ணெயில் வேறு எண்ணெய் கலந்து ஓட்டியவர்கள் உண்டு. ஆனால் டீசல் பம்புக்கு வழவழப்பைக் கொடுப்பது டீசல்தான். வெறும் மண்ணெண்ணெய் அந்தப் பம்பைத் தேய்த்துவிடும். தகப்பனார் அதற்குச் சம்மதிக்கவில்லை. ரயர்களைக் கழற்றி, காரை நான்கு கல்லில் ஏற்றி, கொட்டிலில் விட்டுவிட்டார்.

1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமமே வெளிக்கிட்டபோது இந்தக் குடும்பமும் தென்மராட்சிக்கு நடந்தது. கார் கல்லில் நின்றது. 1996இல் திரும்பி வந்தபோது வீட்டில் கதவு, யன்னல் இல்லை. காரின் பற்றரி, லைட், பின்கண்ணாடி போய்விட்டன. உடம்பு மிஞ்சியிருந்தது.

"ரயர் இருந்திருந்தா ஆரும் கொண்டுபோயிருப்பினம். ஓடேலாமல் இருந்ததாலைதான் தப்பினது" என்றார் அவர்.

2009க்குப் பிறகும் பல வருடங்கள் அது அப்படியே நின்றது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, பழைய வாகனங்களுக்கும் விலை ஏறிய பின்னர்தான் திருத்த வேலை தொடங்கியது. முடிந்த பின்னர் ஓடியது 3,000 கிலோமீற்றர்.

மீற்றரை நம்பலாமா?

இந்தக் காரில் வேகமானி, கியர்பொக்ஸிலிருந்து வரும் கேபிளால் இயங்குகிறது. தூரம் காட்டும் பகுதியிலுள்ள சிறிய பற்சக்கரம் அதன் தண்டில் வழுக்குவது இந்த வகைக்குத் தெரிந்த குறை. வேக முள் வேலை செய்யும், தூர எண்கள் நகராது. ஏமாற்றும் எண்ணம் யாருக்கும் இல்லாமலே மீற்றர் குறைவாகக் காட்டலாம்.

அதனால் எண்ணை விட்டுவிட்டு, தேய்வைப் பாருங்கள். பிறேக், கிளச் மிதிகளின் இறப்பர், சாரதி சீற்றின் ஓரம், ஸ்ரியரிங் வளையத்தின் மேற்பகுதி, கதவு கீல்கள் ஆகியவை எளிதில் பொய் சொல்லா. எல்லாமே புதிதாக மாற்றப்பட்டிருந்தால், கழற்றிய பழையவற்றைக் காட்டும்படி கேளுங்கள். இந்த உரிமையாளர் ஒரு சாக்கு நிறையக் கொண்டுவந்து கொட்டினார்.

நின்ற காரில் பார்க்கவேண்டியவை

- கறள்: ஜக் வைக்கும் இடங்கள், பற்றரித் தட்டின் அடி, முன்கண்ணாடியின் கீழ் மூலைகள், மேலதிக சில்லு வைக்கும் குழி, கதவுகளின் அடி. கடற்காற்று உள்ள எங்கள் ஊர்களில் இது முதல் வேலை. துணி சுற்றிய காந்தம் ஒன்றைக் கொண்டுபோங்கள். ஒட்டாத இடத்தில் பெயின்ற்றுக்குக் கீழே பட்டி தடித்திருக்கிறது.

- இறப்பர்: பிறேக் ஹோஸ், டீசல் ஹோஸ், எஞ்சின் மவுண்ட், கண்ணாடி இறப்பர். இவை ஓடாமலே பழுதாகும். பிறேக் எண்ணெய் ஈரத்தை உறிஞ்சுவதால், நின்ற காரில் பிறேக் பிஸ்ரன்கள் இறுகியிருக்கும்.

- தாங்கி: பழைய டீசல் அடியில் களியாகப் படியும். தாங்கி கழற்றிக் கழுவப்பட்டதா என்று கேளுங்கள்.

- ஸ்ராட்: போனவுடன் பொனற்றில் கை வையுங்கள். சூடாக இருந்தால் உங்களுக்காக முன்கூட்டியே ஸ்ராட் செய்திருக்கிறார்கள். குளிர்ந்த நிலையில் எடுப்பதே உண்மையான சோதனை. ஓடும்போது எண்ணெய் மூடியைத் திறந்து பாருங்கள். பலமாகப் புகை தள்ளினால் சிலிண்டர் தேய்ந்திருக்கிறது.

- நிறுத்தம்: இந்த டீசல் எஞ்சின் காற்றுறிஞ்சல் மூலம் நிறுத்தப்படுகிறது. சாவியைத் திருப்பியும் எஞ்சின் நிற்காவிட்டால் எங்கோ குழாய் ஒன்று கசிகிறது.

இந்தக் காரில் எங்கள் மெக்கானிக் கண்டது இரண்டு குறைகள். இடது முன்கண்ணாடி மூலையில் பட்டி இருந்தது. பின் பிறேக் ஒன்று சற்று இறுக்கம். இரண்டையும் உரிமையாளர் மறுக்கவில்லை.

'திருத்தப்பட்டது' என்றால்?

பெயின்ற் அடிப்பதும் திருத்துவதும் ஒன்றல்ல. ரிங்கர் வேலைக்கு முன்னும் இடையிலும் எடுத்த படங்கள், பாகங்கள் வாங்கிய பற்றுச்சீட்டுகள் இல்லாவிட்டால் அந்தச் சொல்லுக்குப் பெறுமதி இல்லை. எவ்வளவு பாகம் அசலானது என்பதும் முக்கியம். ஜேர்மனியில் 1997 முதல், 30 வருடங்களைக் கடந்து அசல் நிலைக்கு நெருக்கமாக இருக்கும் கார்களுக்கு 'எச்' எழுத்துடன் தனி இலக்கத்தகடு கொடுக்கிறார்கள். புதிது போலப் பளபளப்பதைவிட, பிறந்தபடி இருப்பதற்கே அங்கு மதிப்பு.

பத்திரங்கள்

எங்கள் மக்களுக்கு இதுதான் கடினமான பகுதி. இடம்பெயர்வில் பதிவுப் புத்தகத்தைத் தொலைத்தவர்கள் ஏராளம். வாகனம் இன்னமும் இறந்துபோன தகப்பன் பெயரிலோ, தொடர்பில்லாத பழைய உரிமையாளர் பெயரிலோ இருக்கும். வெறும் கையொப்பத் தாளை நம்பிப் பணம் கொடுக்காதீர்கள்.

செசி இலக்கத்தையும் எஞ்சின் இலக்கத்தையும் நீங்களே வாசித்துப் புத்தகத்துடன் ஒப்பிடுங்கள். 240டி செடானின் செசி இலக்கத்தில் 123123 என்ற ஆறு எண்கள் தொடர்ச்சியாக வரும். எஞ்சின் இலக்கம் 616இல் தொடங்கும். உரிமையாளர் இறந்திருந்தால், வாரிசுகளின் பெயருக்கு மாற்றம் முடிந்த பின்னரே வாங்குவது பாதுகாப்பு. வருமான அனுமதிப்பத்திரம் எடுக்காத வருடங்களுக்கு நிலுவை ஏதும் உண்டா என்பதைப் பிரதேச செயலகத்தில் முன்கூட்டியே கேளுங்கள்.

இந்தக் காரின் புத்தகம் தப்பியிருந்தது. 1995இல் தாயார் அதைக் காணி உறுதிகளோடு ஒரே பையில் கொண்டுபோயிருக்கிறார். தகப்பனார் இறந்த பின்னர் மகனின் பெயருக்கு மாற்ற எட்டு மாதம் அலைந்ததாகச் சொன்னார்.

விளம்பரத்தில் இல்லாத வரி

பேச்சு முடிந்து தேத்தண்ணி குடிக்கும்போது, விளம்பரத்தில் ஏன் போர்க் கதை எதுவும் இல்லை என்று கேட்டேன். அதை எழுதியவர் தரகராம். "29 வருசம் நிண்டது எண்டு போட்டா ஒருத்தரும் வராயினம், குறைஞ்ச மைலேஜ் எண்டு மட்டும் போடுவம்" என்றாராம். ஆனாலும் வருகிற ஒவ்வொருவருக்கும் ஆசிரியர் முதலில் சொல்வது அந்த 29 வருடத்தைத்தான். அதனால் இருவர் ஏற்கெனவே திரும்பிப் போய்விட்டார்கள்.

நண்பரின் மைத்துனருக்கு நாங்கள் எழுதியது இவ்வளவுதான்: மீற்றர் உண்மை. எஞ்சின் நல்லது. கண்ணாடி மூலையை வெட்டித் திருத்தவேண்டும். பின் பிறேக் பார்க்கவேண்டும். பத்திரம் சரி. 29 வருடம் நின்றதைச் சொல்லித்தான் விற்கிறார், அதனால் மற்றவற்றையும் நம்பலாம்.

அவர் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார். கார் அதே கொட்டிலில், இப்போது நான்கு ரயர்களில், நிற்கிறது. கிழமைக்கு ஒருமுறை ஆசிரியர் அதைக் கோயிலடி வரை ஓட்டிவிட்டு வருகிறார். நின்றால் மீண்டும் பழுதாகிவிடும் என்று அவருக்குத் தெரியும்.