எல்லோர்க்கும்: நகரப் பேருந்தின் வரலாற்றில் பயணியின் இடம்

1. பெயரும் பொருளும்

ஒரு பொருளின் வரலாற்றை அதன் பெயரிலிருந்து தொடங்கி ஆராய்வது மொழிநூலார் கைக்கொள்ளும் முறைகளுள் ஒன்று. நகரப் பேருந்தின் வரலாற்றையும் அம்முறையிலேயே தொடங்குவாம்.

'பஸ்' என்பது தனிச்சொல் அன்று. 'ஆம்னிபஸ்' என்னும் இலத்தீன் சொல்லின் முதற்குறை அது. ஆம்னிபஸ் என்பதற்கு 'எல்லோர்க்கும்' என்பது பொருள். அச்சொல்லில் 'எல்லோர்' என்னும் பொருளைத் தருவது முற்பகுதி. பிற்பகுதியாகிய 'பஸ்', நம் இலக்கணத்தார் நான்காம் வேற்றுமை உருபு என வழங்கும் 'கு' என்பதற்கு ஒப்பான பன்மை ஈறு. வழக்கில் முற்பகுதி தேய்ந்தொழிய, உருபு மட்டும் தனித்து நின்று வண்டிக்குப் பெயராயிற்று. எல்லோரும் இறங்கிவிட்டனர், 'கு' மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது எனலாம்.

தமிழ்ச்சொல்லின் இயல்பு வேறு. பெருமை என்னும் பண்பும் உந்து என்னும் சொல்லும் சேர்ந்து 'பேருந்து' ஆயிற்று. இச்சொல் வண்டியின் அளவையும் இயக்கத்தையும் நோக்கி எழுந்தது. அதில் ஏறுவோரை நோக்கி எழுந்ததன்று. தமிழ்நாட்டில் 'ஆம்னிப் பேருந்து' எனத் தனித்து வழங்கப்பெறுவதோ, தொலைவூர்களுக்கு மிகுந்த கட்டணத்தில் ஓடும் தனியார் வண்டி. எல்லோர்க்கும் என்னும் பெயர் எல்லோர்க்கும் எட்டாத வண்டிக்கு உரியதாயிற்று!

நான்காம் வேற்றுமைக்குக் கொடை, பொருட்டு முதலிய பொருள்களை நன்னூலார் வகுத்தனர். எனவே, பேருந்து யார்க்குக் கொடுக்கப்பட்டது, யார்பொருட்டு ஓடுகின்றது என்னும் வினாக்கள் அதன் பெயரிலேயே அமைந்துள்ளன. இவ்வினாக்களுக்கு வரலாறு அளித்த விடைகளைப் பாரிசு, இலண்டன், இராமநாதபுரம், மாண்ட்கோமரி, சென்னை ஆகிய ஐந்து இடங்களின் செய்திகளைக் கொண்டு காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

2. பாரிசு நகரின் ஐந்து காசு வண்டிகள்

குறித்த வழியில், குறித்த நேரத்தில், குறித்த கட்டணத்திற்கு ஓடும் நகர வண்டியை முதன்முதல் எண்ணிச் செயற்படுத்தியவர் பிரெஞ்சு நாட்டுக் கணித அறிஞரும் மெய்யியலாருமாகிய பாஸ்கல் என்பர். 1662-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 18-ஆம் நாள் பாரிசில் முதல் தடம் திறக்கப்பெற்றது. கட்டணம் ஐந்து 'சோல்' காசு. தடங்கள் ஐந்தாகப் பெருகின. வண்டியில் ஏறுவோர் எத்துணைக் குறைவாயினும், ஒருவரும் இல்லாதொழியினும், குறித்த நேரத்தில் வண்டி புறப்பட்டே தீரவேண்டும் என்பது அரசாணையில் கண்ட விதி. பயணி வண்டிக்காகக் காத்திராது, வண்டி பயணியை எதிர்நோக்கிச் செல்லவேண்டும் என்னும் கருத்து இவ்விதியில் பொதிந்துள்ளது. நகரப் போக்குவரத்தின் அறம் இவ்வொரு விதியில் அடங்கும் என்பது மிகையாகாது.

ஆயின், அவ்வாணையைப் பதிவு செய்த பாரிசு நீதிமன்றம் மற்றொரு விதியையும் சேர்த்தது. படைவீரரும், பணியாட்களும், உடலுழைப்பால் வாழ்வோரும் அவ்வண்டிகளில் ஏறுதல் கூடாது என்பதே அது. நகரில் நாள்தோறும் நெடுந்தொலைவு நடப்போர் எவரோ, அவரே விலக்கப்பட்டனர். பாஸ்கல் தம் பங்கின் வருவாயை எதிர்நோக்கி, பிளுவா நாட்டு ஏழைகட்கு அனுப்புதற்கு ஆயிரம் பிராங்கு முன்பணம் வேண்டினார் என்பது அவர்தம் வரலாற்றில் காணப்பெறும் செய்தி. தொலைவிலுள்ள ஏழைக்கு வருவாயில் இடம் கருதப்பெற்றது. வழியில் நின்ற ஏழைக்கு வண்டியில் இடமில்லை.

அவருடைய தமக்கையார் கில்பெர்த்து எழுதிய மடல் ஒன்று தொடக்க நாட்களின் காட்சியைக் காட்டுகின்றது. அவ்வம்மையார் தெருவோரத்தில் வண்டிக்காக நின்றார். ஐந்து வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக அவர் கண்முன்னே சென்றன, ஐந்தும் நிறைந்திருந்தன, ஒன்றிலேனும் அவர்க்கு இடம் கிடைத்திலது. நகர வண்டி பிறந்த வாரத்திலேயே, நிறுத்தத்தில் நிற்போரின் முறையீடும் பிறந்துவிட்டது! பாஸ்கல் அவ்வாண்டு ஆகஸ்டுத் திங்களில் மறைந்தார். பின்னர்க் கட்டணம் உயர்ந்தது. சில ஆண்டுகளில் அவ்வமைப்பும் அழிந்தது.

3. கட்டணம் என்னும் கதவு

இதன் பின்னர் ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு கழித்து, 1826-ஆம் ஆண்டில், நாந்து என்னும் பிரெஞ்சு நகரில் போத்ரி என்பார் தம் வெந்நீர்க் குளியலகத்திற்கு வருவோர்க்காக ஒரு வண்டி விட்டார். மக்களோ குளிக்கச் செல்லாது இடைவழிகளில் ஏறவும் இறங்கவும் தலைப்பட்டனர். அதனைக் கண்ட போத்ரி குளியலகத்தைவிட வண்டியே வேண்டப்படுவது என உணர்ந்தார். ஆம்னிபஸ் என்னும் பெயர் வழங்கத் தொடங்கியதும் அந்நகரிலேதான். வண்டி எங்குச் செல்லவேண்டும் என்பதை உடையவர் அன்றி ஏறுவோரே முடிவு செய்தனர் என்பது ஈண்டு கருதத்தக்கது.

1829-ஆம் ஆண்டு சூலை 4-ஆம் நாள் சில்லிபீர் என்பார் இலண்டனில் பாடிங்டனுக்கும் வங்கிப் பகுதிக்கும் இடையே, மூன்று குதிரைகள் பூட்டி 22 பேர் அமரத்தக்க வண்டியை ஓட்டினார். பாரிசில் இருந்தது போன்ற விலக்கு விதி ஈங்கில்லை. ஆயின், முழு வழிக்கும் கட்டணம் ஒரு சில்லிங்கு. கூலித் தொழிலாளியின் ஒருநாள் ஊதியத்தில் அது பெரும்பகுதி. சட்டம் மூடாத கதவைக் கட்டணம் மூடியது. 1870-ஆம் ஆண்டு முதல் குதிரை டிராம்கள் வந்து, அதிகாலையில் வேலைக்குச் செல்லும் தொழிலாளர்க்குக் குறைந்த கட்டணம் ஏற்பட்ட பின்னரே உழைப்பாளர் அந்நகரில் பயணியர் ஆயினர்.

4. ஏறும் உரிமையும் நிற்கும் இடமும்

பாரிசில் தொழிலை நோக்கி விதித்த விலக்கு, தமிழ்நாட்டில் பிறப்பை நோக்கி வந்தது. தனியார் பேருந்துகள் பரவிய தொடக்க நாளில், தாழ்த்தப்பட்டோரை ஏற்ற மறுத்த வண்டிகள் இங்கே இருந்தன. 1929-ஆம் ஆண்டில் செங்கற்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாகாண மாநாட்டிற்குத் தலைமை தாங்கிய டபிள்யூ. பி. ஏ. சௌந்தரபாண்டியனார், இராமநாதபுரம் மாவட்டக் கழகத்தின் தலைவராயிருந்தபோது, அவ்வாறு மறுக்கும் வண்டியின் உரிமம் நீக்கப்படும் என ஆணையிட்டார். அவ்வாணை வண்டிகளின் எண்ணிக்கையைக் கூட்டவில்லை. புதிய தடமும் வகுக்கவில்லை. எனினும், நம் நாட்டுப் பேருந்துப் பணியில் நிகழ்ந்த பெருந்திருத்தங்களுள் அதனை முதன்மையாக வைத்தெண்ணுதல் வேண்டும்.

உரிமையும் வசதியும் வேறு வேறு எனக் கருதுவார் உளர். அமெரிக்க நாட்டு மாண்ட்கோமரி நகரின் வரலாறு அக்கருத்தை மறுக்கின்றது. அந்நகரில் பேருந்தில் செல்வோருள் நான்கில் மூன்று பங்கினர் கறுப்பின மக்கள். ஆயினும் முன்னிருக்கைகள் வெள்ளையர்க்கே உரியன. கறுப்பர் பலர் முன்வாயிலில் காசு செலுத்திவிட்டு, இறங்கி நடந்து, பின்வாயிலில் ஏறவேண்டியிருந்தது. 1954-ஆம் ஆண்டு மே 21-ஆம் நாள், அந்நகர்க் கல்லூரி ஆசிரியை ஜோ ஆன் ராபின்சன், மகளிர் அரசியல் மன்றத்தின் சார்பில் நகரத் தலைவர்க்கு ஒரு மடல் விடுத்தார். இருக்கை முறையையும் ஏறும் முறையையும் திருத்தவேண்டும் என்பவற்றோடு மூன்றாவதாக ஒரு வேண்டுகோளும் அதில் இருந்தது: வெள்ளையர் வாழும் பகுதிகளில் ஒவ்வொரு தெருமுனையிலும் பேருந்து நிற்பது போலவே, கறுப்பர் வாழும் பகுதிகளிலும் நிற்கவேண்டும்.

நிறுத்தம் எங்கே என்பது பொறியியல் வினா மட்டும் அன்று என்பதை இவ்வேண்டுகோள் காட்டும். 1955-ஆம் ஆண்டு திசம்பர்த் திங்களில் ரோசா பார்க்சு சிறைப்பட்டபின், 381 நாட்கள் அம்மக்கள் பேருந்தை விலக்கி நடந்தனர். 1956-ஆம் ஆண்டு நவம்பரில் உச்சநீதிமன்றம் பிரிவினைச் சட்டம் செல்லாது என உறுதி செய்தது. நடந்தவர்களுள் பலர் வீட்டுப்பணி செய்த மகளிர். பேருந்து எவர்க்கு இன்றியமையாததோ, அவரே அதனைத் திருத்தினர்.

5. சென்னையில் பேருந்து

இனிச் சென்னையின் வரலாற்றைக் காண்பாம். 1895-ஆம் ஆண்டு முதல் இந்நகரில் ஓடிய மின்சார டிராம், 1953-ஆம் ஆண்டு ஏப்ரலில் நின்றது. அதற்கு முன்னரே, 1947-இல், அரசு நகரப் பேருந்துப் பணியில் இறங்கியது. விரைவில் அப்பணி அரசின் உடைமையாயிற்று. 1972-ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் 1,029 வண்டிகளோடு பல்லவன் போக்குவரத்துக் கழகம் அமைந்தது. 1994-இல் வடசென்னைக்கென அதனின்று பிரிந்த கழகம் 2001-இல் மீண்டும் இணைந்து, மாநகரப் போக்குவரத்துக் கழகம் ஒன்றாயிற்று.

அமைப்புகளின் வரலாறு இவ்வளவே. ஏறுவோரின் வரலாறு வேறு தேதிகளைக் கொண்டது. 2013-இல் குறுகிய தெருக்களுக்குள் செல்லும் சிறு பேருந்துகள் வந்தன. 2018-ஆம் ஆண்டு சனவரியில் கட்டணம் மிக உயர்ந்தபோது மாணவர் தெருவில் இறங்கிப் போராடினர். கட்டணம் சிறிதே குறைக்கப்பெற்றது. 2021-ஆம் ஆண்டு மே திங்களில் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மகளிர் கட்டணமின்றிச் செல்லலாம் என்னும் ஆணை பிறந்தது. பின்னர்த் திருநங்கையர்க்கும் மாற்றுத்திறனாளிகட்கும் அது விரிந்தது. இலண்டனில் ஒரு சில்லிங்கு மூடிய கதவு, இங்கே ஒரு பகுதியார்க்கு முற்றும் திறக்கப்பட்டது.

மற்றொரு கதவும் உண்டு, அது படிக்கட்டு. வழக்கமான பேருந்தின் தளம் தரையிலிருந்து ஏறத்தாழ 900 மில்லிமீட்டர் உயரம். தாழ்தளப் பேருந்தின் தளமோ 400 மில்லிமீட்டர். இவ்வரைமீட்டர் வேறுபாடே சக்கர நாற்காலியில் வருவோர்க்கும், முழங்கால் நோவுடைய முதியோர்க்கும், கருவுற்ற மகளிர்க்கும் நகரம் திறப்பதும் அடைப்பதும் ஆகும். மாற்றுத்திறனாளிகள் நீதிமன்றம் வரை சென்று வாதிட்டதன் பயனாகவே, 2024-ஆம் ஆண்டில் தாழ்தள வண்டிகளும், 2025-ஆம் ஆண்டு சூன் திங்களில் 120 தாழ்தள மின்பேருந்துகளும் சென்னையில் ஓடத் தொடங்கின. இங்கும் திருத்தம் நிறுத்தத்தில் நின்றோரிடமிருந்தே வந்தது.

6. காத்திருத்தல்

எஞ்சி நிற்பது காலம் என்னும் கதவு. ஒரு தடத்தில் மணிக்கு ஆறு வண்டிகள் ஓடுவனவாகக் கொள்வோம். பத்து நிமிடத்திற்கு ஒன்றாக அவை வரின், நிறுத்தத்திற்கு வருவோர் சராசரியாகக் காத்திருப்பது ஐந்து நிமிடம். அவ்வாறு வண்டிகளும் இரண்டிரண்டாகச் சேர்ந்து இருபது நிமிடத்திற்கு ஒருமுறை வரின், காத்திருப்பு பத்து நிமிடம் ஆகும். பணிமனைக் கணக்கில் ஒரு வண்டியும் குறையவில்லை. பயணியின் கணக்கிலோ காத்திருப்பு இருமடங்காயிற்று.

வண்டிகள் இவ்வாறு சேர்வது ஓட்டுநரின் குற்றம் மட்டும் அன்று. சிறிது பிந்திய வண்டிக்கு அடுத்த நிறுத்தத்தில் கூட்டம் மிகும். கூட்டம் மிகுதலின் அது மேலும் பிந்தும். பின்வரும் வண்டிக்குக் கூட்டம் குறைதலின் அது விரைந்து வந்து முன்னதனை அணுகும். முன்னது பிதுங்கவும் பின்னது வெறுமையாய் ஓடவும் காண்கிறோம். வண்டிகளுக்கிடையே உள்ள இடைவெளியை நோக்கி வழியிலேயே ஒழுங்கு செய்தலும், நெரிசல் மிக்க சாலையில் பேருந்திற்குத் தனித்தடம் ஒதுக்குதலும் இதற்குரிய வழிகள். புதிய வண்டி வாங்குதல் மட்டும் இந்நோயைத் தீர்க்காது.

கட்டணமில்லாப் பயணம் பெற்ற பெண், அதற்குரிய வண்டி வாராமையால் கட்டண வண்டியில் ஏற நேரின், அவள் பெற்ற உரிமை நிறுத்தத்திலேயே நின்றுவிடுகின்றது. நாட்கூலி பெறுவோர்க்கு அரைமணி நேரத் தாழ்வு அரைநாள் ஊதியத்தைப் போக்கவும் கூடும். ஆதலின் காலத்தையும் கட்டணத்தின் ஒரு பகுதியாகவே கொள்ளுதல் வேண்டும்.

7. முடிவுரை

மேற்கூறியவற்றால் ஓர் உண்மை புலனாகும். குலமும் இனமும், கட்டணம், படிக்கட்டு, காலம் என்னும் நான்கு கதவுகள் பேருந்தின் வாயிலில் இருந்தன. அவற்றுள் சில திறந்தன. சில பாதி திறந்துள்ளன. திறந்த இடமெல்லாம், ஏற இயலாது நின்றோரின் குரலைக் கேட்டே திறந்தன. ஆகவே, நகரப் பேருந்தைத் திருத்த விரும்புவோர் பணிமனையில் நின்று வண்டிகளை எண்ணுவதோடு அமையாது, நிறுத்தத்தில் நின்று மக்களையும் மணித்துளிகளையும் எண்ணுதல் வேண்டும். ஐந்து வண்டிகள் தம்மைக் கடந்து செல்லக் கண்ட கில்பெர்த்து அம்மையார் இன்றும் நம் நகரின் நிறுத்தங்களில் நிற்கின்றார். ஆறாவது வண்டியில் அவர்க்கு இடம் கிடைக்கும் நாளிலேயே, தேய்ந்துபோன 'எல்லோர்' என்னும் சொல் தன் உருபோடு மீண்டும் சேரும்.