ஒரு மேசன் கொடுத்த சூப்பு

இரண்டாம் உலக மகாயுத்த காலத்தில் நாஸிகளாற் கொல்லப்பட்ட யூத மக்கள் ஏறக்குறைய 60 இலட்சம் பேர். இத்தொகை நம் மனத்துள் அடங்குவதன்று. ஆதலால் மீண்டுவந்த ஒருவரின் வரலாற்றை மாத்திரம் ஈண்டு நோக்குவோம்.

பிரீமோ லேவி 1919ஆம் ஆண்டில் இத்தாலியின் டூரின் நகரிற் பிறந்தவர். 1938இல் முசோலினி அரசு யூதருக்கு விரோதமான சட்டங்களை இயற்றியது. அதற்கு முன்னரே சர்வகலாசாலையிற் சேர்ந்திருந்தமையால் லேவி படிப்பைத் தொடர முடிந்தது. 1941இல் இரசாயன சாஸ்திரத்தில் உயர்ந்த சித்தி பெற்றார். அப்பட்டப் பத்திரத்திலும் 'யூத இனத்தவர்' என்று குறித்தே கொடுத்தார்கள்! கல்விக்கும் இனத்துக்கும் என்ன சம்பந்தமோ, நாமறியோம்.

1943 டிசம்பரில், நாஸிகளையும் பாசிஸ்டுகளையும் எதிர்த்து மலையிற் கூடிய குழுவொன்றோடு லேவி பிடிபட்டார். 1944 பெப்ருவரியில் 650 பேரோடு சரக்கு வண்டியில் அடைக்கப்பட்டு அவுஷ்விட்ஸ் சென்றார். அவர்களுட் பெரும்பாலோர் வந்திறங்கியதும் நச்சுவாயுவுக்கு இரையாயினர். வேலைக்கென்று பிரிக்கப்பட்ட லேவியின் கையில் 174517 என்னும் இலக்கம் பச்சை குத்தப்பட்டது. அங்கே அவருக்கு அதுவே பெயர்.

முகாமை அடுத்து ரப்பர்த் தொழிற்சாலையொன்று கட்டப்பட்டு வந்தது. லொரென்சோ பெரோனே என்ற இத்தாலிய மேசன் அங்கே கூலிக்கு வேலை செய்தார். அவர் யூதருமல்லர், கைதியுமல்லர். அதிகம் படித்தவருமல்லர், பேசுபவருமல்லர். கைதியோடு உறவாடுவது தண்டனைக்குரிய குற்றம். அப்படியிருந்தும் ஆறு மாதம் நாள்தோறும் ஒரு துண்டு ரொட்டியும் மிஞ்சிய சூப்பும் லேவிக்குக் கொடுத்து வந்தார். ஒட்டுப்போட்ட தமது உட்சட்டையைக் கழற்றிக் கொடுத்தார். லேவிக்காக ஊருக்கு அஞ்சலட்டை எழுதிப் பதிலும் பெற்றுத் தந்தார். கைம்மாறாக எதையும் ஏற்றாரில்லை.

கற்ற இரசாயனமும் உதவிற்று. மாரிக் குளிரில் ஆய்வுகூடத்தினுள்ளே வேலை கிடைத்தது. ஆயினும் தாம் உயிரோடிருப்பது லொரென்சோவினாலேயே என்றுதான் லேவி பின்னர் எழுதினார். சூப்பினும் மேலாக, முகாமுக்கு வெளியே நேர்மையான உலகமொன்று இன்னும் இருக்கிறதென்பதை அம்மனிதர் நினைவூட்டினாராம்.

1945 சனவரியில் லேவி செங்காய்ச்சலாற் கிடந்தார். நடக்கக்கூடிய கைதிகளை நாஸிகள் பனியில் நடத்திச் சென்றனர். அவர்களுள் மிகப் பலர் மாண்டனர். நோயே லேவியைக் காத்தது. 27ஆந் தேதி சோவியத் படை வந்தது. ஒக்டோபரில் டூரின் திரும்பியவர் அநுபவங்களை எழுதி 1947இல் நூலாக வெளியிட்டார். அன்று வாங்கியோர் சிலரே. 1958இல் மறுபதிப்பு வந்த பின்னரே உலகம் வாசித்தது. 1987இல் லேவி காலமானார்.

லொரென்சோவோ தாம் கண்டவற்றை மறக்கமாட்டாமற் குடியில் வீழ்ந்தார். லேவி தேடிச்சென்று வைத்தியசாலையிற் சேர்த்தும் அங்கே தங்கவில்லை. 1952இல் இறந்தார். முகாமில் வேறு பலருக்கும் அவர் உதவியிருந்ததை லேவி பின்னரே அறிந்தார். லேவி தம் மகளுக்கும் மகனுக்கும் வைத்த பெயர்களில் அந்த மேசனின் பெயர் இருக்கிறது.