தூவியும் இலவும்

‘இலவு காத்த கிளி’ என்னும் பழமொழியை நம் மாணவர் நன்கறிவர். பொருள் யாதெனின், ‘வீணாகக் காத்திருத்தல்’ என உடனே விடை பகர்வர். இலவு என்பது யாது என வினவினாலோ பலர் வாய் திறவார். பழமொழி ஏட்டில் வாழ, அதனை ஈன்ற பொருள் நினைவினின்று மறைந்து வருகின்றது. நம் முன்னோர் தலைசாய்த்த படுக்கையின் வரலாறு அதனை மீட்டுத் தரும்.

பழந்தமிழர் மென்மையின் உச்சமாகப் போற்றியது அன்னத்தின் தூவியாகும். பத்துப்பாட்டுள் ஒன்றாகிய நெடுநல்வாடையில், பாண்டிமாதேவியின் தந்தக் கட்டில்மீது அத்தூவியாலான சேக்கையை நக்கீரர் விரித்துக் காட்டுகிறார். திருப்பாவையில் வரும் பஞ்ச சயனம் என்பதற்கு, அன்னத்தூவி, இலவம்பஞ்சு முதலிய ஐந்தினால் அமைந்த படுக்கை என்றும் பொருள் உரைப்பர். குளிர்காலத்தில் நெல்லைச் சீமையின் கூந்தன்குளத்திற்கு வந்து தங்கும் வரித்தலை வாத்தே பண்டைய அன்னம் என்று கருதும் பறவையியலாரும் உளர்.

தூவி அரண்மனைக்கு உரியது. எளியோர் இல்லங்களுக்கு வாய்த்தவை பாயும் பஞ்சுமே. எனினும் நம் போன்ற வெப்ப நாட்டினர்க்கு இலவம்பஞ்சு தாழ்ந்த பொருளன்று. அதன் இழை உள்ளே வெறுமையாய், புறத்தே மெழுகு பூசினாற்போல் இருத்தலின் நீரை எளிதில் ஏற்பதில்லை. இப்பண்பு கருதியே அதனை உயிர்காப்பு மிதவை அங்கிகளில் அடைத்தனர். இரண்டாம் உலகப் போருக்கு முன்னர் உலகச் சந்தைக்கு இப்பஞ்சினைப் பெரிதும் வழங்கியது நம் அண்டைத் தீவாகிய சாவகமே. மலாய் மொழியில் ‘கெகாபு’ எனப்பெறும் இதனை அடைத்த தலையணைகள் சிங்கப்பூர்க் கம்பத்து வீடுகளிலும் இனவேறுபாடின்றிப் பயின்றன. பின்னர் ரப்பர் நுரையும் செயற்கை இழையும் வந்து அவற்றின் இடத்தைக் கவர்ந்தன.

இன்றோ குளிர்சாதன அறைகளில் வாத்துத் தூவி மீண்டும் இடம்பெற்றுள்ளது. அதனைத் தெரிவோர் இரண்டு கருதல் வேண்டும். தண்டுள்ள இறகினும் தண்டற்ற தூவியே மெல்லியது. உறையின் நெசவு நெருக்கமானதாக இராவிடின் இறகின் முனை வெளிப்பட்டுக் குத்தும். தூவியைத் துவைக்கலாம், ஆனால் முற்றும் உலர்த்தாவிடின் நாற்றமும் பூஞ்சையும் பற்றும். இலவம்பஞ்சோ துவைத்தால் கட்டிபடும். அதனை வெயிலிற் காயவைத்துத் தட்டுதலே முறை. ஈரக்காற்று நிறைந்த இத்தீவில் இரண்டிற்கும் வெயிலே நன்மருந்து.

ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். 1859-இல் தோன்றிய நம் தாவரவியல் பூங்காவில் வானளாவிய இலவமரம் ஒன்று உண்டு. 1866-இல் அமைந்த அன்ன ஏரியும் அங்கேயே உள்ளது. மாணவரை ஒருநாள் அழைத்துச் செல்லுங்கள். பழுக்குமெனக் கிளி காத்திருந்த காய் வெடித்துப் பஞ்சாய்ப் பறப்பதை ஒருமுறை கண்ட மாணவன், அப்பழமொழியின் பொருளை ஒருநாளும் மறவான்.