கூடாரத்துக்கு வெளியே

வாஷியில் மின்ரயிலேறி, சத்ரபதி சிவாஜி நிலையத்தில் இறங்கிச் சர்ச்கேட்டை நோக்கி நடக்கும் நேயர்கள் கிராஸ் மைதானத்தைக் கடந்திருப்பார்கள். இந்தியர் நடத்திய முதல் சர்க்கஸ், 1880-ஆம் ஆண்டு மார்ச் 20-ஆம் நாள் அங்கேதான் நடைபெற்றது. குருந்த்வாட் அரசரின் குதிரைப் பயிற்சியாளரான விஷ்ணுபந்த் சத்ரே அதனைத் தோற்றுவித்தார். இந்தியருக்கு இக்கலை கைவர நெடுங்காலம் ஆகும் என்று இத்தாலியரான கியாரினி சொன்னதைப் பொறாமல் அவர் சூளுரைத்தார் என்பர். பிறகு தலைச்சேரியில் கீலேரி குஞ்ஞிக்கண்ணன் 1901-இல் பயிற்சிப் பள்ளி தொடங்கவே, ஏழைப் பிள்ளைகள் பலர் அங்கிருந்து ஊர் ஊராகப் புறப்பட்டனர்.

அவர்களுடைய சாகசங்கள் சுவரொட்டிகளில் வண்ணம் வண்ணமாக விளங்கின. ஆட்டம் முடிந்தபின் அம்முகங்கள் எவ்வாறு இருந்திருக்கும்? அதை நினைக்குந்தோறும் பிக்காஸோ 1905-இல் பாரிஸில் தீட்டிய ஓவியமொன்றே என் மனத்தில் எழுகிறது. ‘கழைக்கூத்தாடிகளின் குடும்பம்’ என அதன் பெயரைத் தமிழில் சொல்லலாம். நம் தெருக்களில் மூங்கில் நட்டுக் கயிற்றின்மேல் நடந்தோரின் இனந்தான் அவர்களும்.

ஏறத்தாழ ஏழடி உயரமான அப்படத்தில் கூடாரமோ குதிரையோ காண்போர் கூட்டமோ இல்லை. வறண்டதொரு வெளியில் அறுவர் இருக்கின்றனர். பருத்த விதூஷகக் கிழவர் செவ்வுடையில், தோளிலே மூட்டையுடன் நிற்கிறார். ஓர் இளைஞன் முரசைத் தோளில் தாங்கியிருக்கிறான். அவனருகே ஒரு சிறுவன். தொப்பியணிந்த பெண் ஒருத்தி மட்டும் தனியே அமர்ந்திருக்கிறாள். ஒரே குடும்பமென்று பெயர். ஆயினும் ஒருவர் முகத்தை மற்றொருவர் நோக்கவில்லை. பயணத்தின் நடுவே நின்றவர்களா, போகுமிடம் அறியாதவர்களா என்பதைப் படம் சொல்லவில்லை. சொல்லாததே நன்று என்பேன்.

பிக்காஸோ அப்போது இருபத்துமூன்று அல்லது இருபத்துநான்கு வயதினர். ஸ்பெயினிலிருந்து வந்து 1904-இல் பாரிஸில் நிலையாகக் குடியேறிய ஏழை ஓவியர். மோன்மார்த்தர் பகுதியிலிருந்த மெத்ரானோ சர்க்கஸுக்கு அடிக்கடி சென்று ஆட்டக்காரரோடு பழகியவர். பல வண்ணக் கட்டங்கள் தைத்த உடையணிந்த கோமாளிக்குத் தம்முடைய முகச்சாயலையே அவர் தந்திருக்கிறார்.

1908-இல் ஆயிரம் பிராங்குக்கு வாங்கப்பட்ட இவ்வோவியம், 1914-இல் பாரிஸ் ஏலத்தில் பதினோராயிரத்துக்கும் மேல் விலைபோயிற்று. அதைப் பின்னர் வாங்கிய மாதின் மியூனிக் இல்லத்தில் 1915-இல் தங்கியிருந்தார் ஜெர்மன் மொழிக் கவிஞர் ரில்கே. அவருடைய இரங்கற்பாக்களில் ஐந்தாவது இப்படத்தின் நினைவில் பிறந்தது. இன்று அது வாஷிங்டன் தேசியக் கலைக்கூடத்தில் இருக்கிறது. கோமாளியின் கையைப் பற்றியபடி, பூக்கூடையுடன் நமக்கு முதுகைக் காட்டி அங்கே ஒரு சிறுமி நிற்கிறாள்.