நோயாளியின் பதிவேட்டுக்கு யார் சாட்சி? பிளாக்செயினின் பிட்காயினுக்கு முந்தைய கதை

கொஞ்ச நாள் முன்னாடி ஒரு பயிற்சி வகுப்புக்குப் போயிருந்தேன். சமூக சுகாதாரத்தில் வேலை பார்க்கிறவங்களுக்கு பிளாக்செயின்னா என்னன்னு சொல்லிக்கொடுக்கிற வகுப்பு. நானும் கத்துக்கத்தான் போனேன்.

லேப்டாப்பில் ஒரு சின்ன டெமோ காட்டினாங்க. ஒரு நோயாளியின் ரத்த அழுத்தத்தை 150 என்று பதிவு செய்தோம். பிறகு யாருக்கும் தெரியாமல் அதை 120 ஆக்கினோம். உடனே திரையில் சிவப்பு எச்சரிக்கை. எல்லாரும் கைதட்டினோம். அப்போ பின்வரிசையில் இருந்த கிராம சுகாதாரச் செவிலியர் ஒருத்தர், பாடம் நடத்தின இளைஞரைப் பார்த்துக் கேட்டாங்க: "நான் முதல்லயே தப்பா 120ன்னு எழுதியிருந்தா இது கண்டுபிடிக்குமா, தம்பி?"

கண்டுபிடிக்காது. அவரும் அதை ஒத்துக்கிட்டார். வகுப்பு முடிஞ்சும் அந்தக் கேள்வி என்னை விடலை. அப்போ இந்தத் தொழில்நுட்பம் எதுக்குத்தான் உதவும்? அதைத் தேடிப் போனதில் கிடைத்த கதைதான் இந்த எபிசோட்.

பிளாக்செயின் என்றதும் நமக்குப் பிட்காயின்தான் ஞாபகத்துக்கு வரும். ஆனா கதை பணத்தில் ஆரம்பிக்கலை, ஒரு நோட்டுப் புத்தகத்தில் ஆரம்பிக்குது.

ஆய்வுக்கூடங்களில் ஒரு பழைய வழக்கம் உண்டு. அன்றன்றைக்குச் செய்ததை, பக்க எண் போட்டுத் தைத்த நோட்டில் வரிசையாக எழுத வேண்டும். நடுவில் ஒரு தாளைக் கிழித்தால் தெரிந்துவிடும், புதுசா ஒண்ணைச் செருகினாலும் தெரிந்துவிடும். கம்ப்யூட்டர் வந்ததும் இந்தப் பாதுகாப்பு போச்சு. ஒரு கோப்பைத் திறந்து, எண்ணை மாற்றி, தேதியையும் மாற்றிவிட்டால் தடயமே இருக்காது.

அமெரிக்காவின் பெல்கோர் ஆய்வு நிறுவனத்தில் இருந்த ஸ்டூவர்ட் ஹேபர், ஸ்காட் ஸ்டோர்னெட்டா இருவரும் இந்தச் சிக்கலைக் கையில் எடுத்தார்கள். மின்னணு ஆவணத்துக்குக் காலமுத்திரை இடுவது எப்படி என்ற அவர்களுடைய கட்டுரை 1991இல் வெளியானது.

யோசனை எளிமையானது. ஒவ்வொரு ஆவணத்துக்கும் கணித முறையில் ஒரு கைரேகை எடுக்கலாம். அதற்கு ஹாஷ் என்று பெயர். ஒரே ஒரு எழுத்து மாறினாலும் கைரேகை முழுசா மாறிடும். கைரேகையை வைத்து ஆவணத்தில் என்ன இருக்கு என்று படிக்கவும் முடியாது. இப்போ இன்றைய முத்திரைக்குள் நேற்றைய கைரேகையையும் சேர்த்துவிடுங்க. நாளைய முத்திரைக்குள் இன்றையதைச் சேருங்க. இப்படிச் சங்கிலியாகப் போனால், நடுவில் ஒன்றை மாற்றுகிறவர் அதற்குப் பின்னால் வரும் எல்லாவற்றையும் மாற்றியாக வேண்டும்.

சரி, சங்கிலியை வைத்திருக்கிறவரே ஏமாற்றினால்? அதற்கும் வழி கண்டுபிடித்தார்கள். அவர்கள் தொடங்கிய ஷூரிட்டி நிறுவனம், 1995 முதல் வாரம் ஒருமுறை அந்தக் கைரேகையை நியூயார்க் டைம்ஸ் நாளிதழில் சின்ன விளம்பரமாகப் போட்டது. பேப்பர் அச்சாகி ஊரெல்லாம் போன பிறகு அதை யாரால் திருத்த முடியும்?

2008இல் சத்தோஷி நகமோட்டோ என்ற பெயரில் பிட்காயின் கட்டுரை வந்தது. அதில் மேற்கோள் காட்டிய படைப்புகள் மொத்தம் 8. அதில் 3, ஹேபரும் ஸ்டோர்னெட்டாவும் சேர்ந்து எழுதியவை.

இனி மருத்துவத்துக்கு வருவோம். இந்த யோசனையை ஒரு நாட்டு மக்களின் மருத்துவப் பதிவுகளுக்கே கொண்டுபோன இடம் எஸ்டோனியா. மக்கள்தொகை சுமார் 13 லட்சம்தான். 2007இல் அந்த நாட்டின் நாடாளுமன்றம், வங்கிகள், செய்தி நிறுவனங்கள் எல்லாவற்றின் இணையதளங்களும் பெரிய சைபர் தாக்குதலுக்கு ஆளாயின. அரசு ஏடுகள் முழுக்க கம்ப்யூட்டரை நம்பியிருந்த நாடு அது. உள்ளே புகுந்தவன் திருடியிருந்தால்கூடப் பரவாயில்லை, சத்தமில்லாம எதையாவது மாத்திட்டுப் போயிருந்தா?

மருத்துவத்தில் இந்தப் பயம் இன்னும் கூர்மையானது. உங்க ரத்த வகை வெளியே தெரிந்தால் பெரிய நஷ்டமில்லை. பதிவில் ரத்த வகை மாறியிருந்தால் உயிரே போகலாம்.

அங்கே நாடு தழுவிய மின்னணு மருத்துவப் பதிவு 2008இன் இறுதியில் தொடங்கியது. எஸ்டோனியாவில் பிறந்த கார்ட்டைம் நிறுவனம், காலமுத்திரை யோசனையைப் பெரிய அளவில் செய்யும் முறையை உருவாக்கியிருந்தது. மருத்துவப் பதிவுகளுக்கு அதைப் பயன்படுத்தும் ஒப்பந்தம் 2016இல் அறிவிக்கப்பட்டது.

இங்கே ஒன்றைக் கவனிக்கணும். நோயாளியின் விவரம் எதுவும் சங்கிலிக்குள் போவதில்லை. அது வழக்கமான தரவுத்தளத்தில்தான் இருக்கும். சங்கிலியில் இருப்பது கைரேகை மட்டுமே. இது ரொம்ப முக்கியம். ஏன்னா சங்கிலியில் போட்டதை அழிப்பது கிட்டத்தட்ட முடியாத காரியம். ஒருவருக்கு எச்.ஐ.வி. இருக்கிறது என்ற செய்தியை அழிக்க முடியாத இடத்தில் எழுதி வைப்பது சேவை இல்லை, ஆபத்து. பயிற்சி வகுப்பில் நாங்க ரத்த அழுத்த எண்ணை நேரா சங்கிலிக்குள்ளேயே போட்டோம். பாடத்துக்கு அது சரி. நிஜத்தில் அப்படிச் செய்யவே கூடாது.

எஸ்டோனியாவில் எனக்குப் பிடித்த விஷயம் இன்னொன்று. அங்கே ஒரு குடிமகன் இணையத்தில் நுழைந்து, தன் மருத்துவப் பதிவை யார் திறந்து பார்த்தார் என்று பார்க்கலாம். சம்பந்தமில்லாத மருத்துவர் எட்டிப் பார்த்திருந்தால் புகார் கொடுக்கலாம். வேண்டாம் என்று தோன்றும் பதிவைப் பூட்டியும் வைக்கலாம். பார்த்தவரின் பெயரை வெளியே காட்டுவது சாதாரண மென்பொருள்தான். எட்டிப் பார்ப்பதைத் தப்பு என்று சொல்வது சட்டம். நடந்ததை யாரும் பிற்பாடு திருத்தவில்லை என்று சாட்சி சொல்வது மட்டும்தான் சங்கிலியின் வேலை.

இந்த ஏற்பாட்டிலும் ஓட்டை விழுந்தது. 2017இல், இந்தச் சேவைகளுக்கெல்லாம் சாவியாக இருந்த தேசிய அடையாள அட்டையின் சிப்பில் குறை இருப்பது தெரியவந்தது. 7 லட்சத்துக்கும் அதிகமான அட்டைகள். அந்த அட்டைகளின் மின்னணுச் சான்றிதழ்களை அரசு நிறுத்தி வைத்துப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. சங்கிலிக்கு ஒண்ணும் ஆகலை. ஆனா வாசல் பூட்டு பலவீனமா இருந்தா, உள்ளே பதிவேடு எவ்வளவு பத்திரமா இருந்து என்ன பயன்?

இப்போ செவிலியர் அக்காவோட கேள்விக்கு வர்றேன். தப்பா எழுதினதைச் சங்கிலி திருத்தாது. அந்தத் தப்பையும் சேர்த்தே பத்திரப்படுத்தும். சரியான எண்ணை எழுத அவங்களுக்கு வேலை செய்யும் கருவி வேணும், ஒவ்வொரு நோயாளிக்கும் கொஞ்சம் நேரம் வேணும். பிளாக்செயின் இந்த ரெண்டையும் தராது.

ஆனா இன்னொரு பக்கமும் இருக்கு. அவங்க 150ன்னு நேர்மையா எழுதினதை, இலக்கை எட்டிட்டோம்னு கணக்குக் காட்ட மேலே இருக்கிற யாராவது 120ன்னு மாத்தினா, அவங்க எழுதினது இதுதான்னு சொல்ல ஒரு சாட்சி இருக்கும். அன்னைக்கு வகுப்புல இந்தப் பதிலை அவங்ககிட்ட யாரும் சொல்லலை. எனக்கும் அப்போ தெரியலை.

அடுத்த முறை ஒரு மருத்துவச் செயலி "நாங்க பிளாக்செயின் பயன்படுத்துறோம்"னு சொன்னா, மூணு கேள்வி கேளுங்க. சங்கிலியில என்ன போடுறீங்க? என் பதிவை யார் பார்த்தாங்கன்னு எனக்குக் காட்டுவீங்களா? தப்புன்னா நான் யார்கிட்ட போறது? இதுக்குப் பதில் இல்லைன்னா, அந்தச் சங்கிலி உங்களுக்காகப் போட்டது இல்லை.